ஒரு முதுகு, ஒரே படம்

அவர் ‘முடியாது’ என்று சொன்னவற்றை ஒரு காலத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் என்னிடம் இருந்த பழைய குறிப்பேட்டின் கடைசித் தாளில், பென்சிலால் எழுதியது. மொத்தம் பத்தொன்பது. விடிந்ததும் முதுகை வளைக்க முடியாது. யாரும் கைகொடுத்துத் தூக்கிவிட முடியாது. “ஐயோ பாவம்” என்று யாராவது ஆரம்பித்தால் அந்த இடத்தில் உட்கார முடியாது. உப்பில்லாமல் மரவள்ளிக்கிழங்கு தின்ன முடியாது. ஜப்பான்காரன் காலத்தில் உப்பு கிடைக்காத மாதங்களில் அவர் கிளேபாங் கடற்கரை வரை நடந்துபோய், ஒரு தகர டின் நிறையக் கடல் தண்ணீர் சுமந்து வந்து, அதிலேயே கிழங்கை வேகவைத்தார். எங்கள் வீட்டுக்கும் ஒரு குவளை வரும். “சும்மா குடுக்கல, டின்னைத் தேய்ச்சுக் குடுங்க” என்பார் என் அம்மாவிடம்.

பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்கே மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றும் சர்க்கஸ் முதலாளிகள் விளம்பரத் தாளுக்காக வைத்தவை. மூன்றும் அவருக்குப் பிடிக்காது. மலாக்காவில் எங்கள் காஜா பேராங் சாலையில் தமிழர்கள் அவரைச் சர்க்கஸ்காரி என்றார்கள். அவர் வாடகைக்கு இருந்தது கம்போங் செட்டியின் ஓரத்தில், ஒரு செட்டி வீட்டின் பக்கத்து அறையில். வீட்டுக்காரம்மா கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். அந்தம்மா வைத்த பெயர் ‘ஓராங் கெத்தா’, ரப்பர் மனுஷி. நான் அக்கா என்றேன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவள் என்பதால் அவர் என்னை ‘எக்ஸ்ரே’ என்றார்.

சர்க்கஸ்காரி என்றதும் பாம்பு மாதிரி ஒரு உடம்பை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அகன்ற தோள், கனத்த இடுப்பு, முப்பத்தைந்து வயது, பாத்திரம் தேய்க்கிற கை. சிங்கப்பூரில் குண்டு விழுந்தபோது அவருடைய சர்க்கஸ் கலைந்து, யானைகள் ஒரு பக்கமும் மனிதர்கள் ஒரு பக்கமுமாகச் சிதறினார்கள். அவர் மலாக்கா வரை வந்து நின்றுவிட்டார். ஏன் இங்கே நின்றீர்கள் என்று கேட்டேன். “கால் வலிச்சுது” என்றார். அதற்கு மேல் அவருடைய வரலாறு எனக்குத் தெரியாது. போன வருஷம் பினாங்கிலிருந்து யாரையோ வைத்து எழுதிய ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு சர்க்கஸ் வாசலில் சீட்டுக் கிழிக்கிறாராம். “நடக்கிறேன். வளைவதில்லை. கூடாரத்துக்காரன் வளையச் சொன்னான், முடியாது என்றேன்” என்று இருந்தது. இருபதாவதாக அதை எழுதிச் சேர்க்கப் பழைய குறிப்பேட்டைத் தேடினேன். கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் உடம்பைப் பற்றி ஊரில் ஒரு கதை இருந்தது. சின்ன வயதில் விளக்கெண்ணெயும் புளித்த காடியும் கொடுத்து எலும்பை இளக்கிவிட்டார்கள் என்று. என் அம்மாவே நம்பினார். ஒரு நாள் கேட்டும்விட்டார்.

“எண்ணெய் குடிச்சா வயிறுதான் இளகும்” என்றார் அக்கா. “இது பிறவியிலயே வந்தது. பாருங்க.” கட்டைவிரலை மடக்கி முன்கையில் படுக்கவைத்தார். சுண்டுவிரலைப் பின்பக்கம் நேராக நிறுத்தினார். முழங்கையை நீட்டினால் அது நேர்கோட்டைத் தாண்டி மறுபக்கம் வளைந்தது. “எங்க வீட்டுல ஏழு பேரு. நாலு பேருக்கு இப்படி. அதுல மூணு பேரு எந்நேரமும் கை பிசகிடுச்சு, கால் பிசகிடுச்சுன்னு படுத்துக்கிட்டாங்க. நான் ஒருத்தி சர்க்கஸுக்குப் போனேன். என்ன வித்தியாசம் சொல்லு, எக்ஸ்ரே?”

“பயிற்சி” என்றேன்.

“இறுக்கிக் கட்டினேன். தளர்ந்த மூட்டு நல்ல மூட்டு இல்ல. சாக்கு வாய் மாதிரி, கயிறு வேணும். இந்தச் சதைதான் கயிறு.”

தினமும் பிற்பகலில் வீட்டுக்காரம்மாவின் பின்கட்டில் அவர் செய்ததை நான் பார்த்திருக்கிறேன். வளைவது மிகக் குறைவு. முழங்கைகளை ஊன்றிக் குப்புற, குதிகால் முதல் தலை வரை ஒரு பலகையாக நிற்பார். நான் நூற்று எண்பது வரை எண்ணுவேன். பிறகு மல்லாந்து, இடுப்பை மட்டும் தூக்கி நிற்பார். பிறகு தண்ணீர் நிறைந்த டின்னை ஒவ்வொரு கையாகத் தூக்குவார். ஒரு தடவை பின்னால் வளைந்தால் அதற்குப் பதிலாக இருபது தடவை வயிற்றை இறுக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு மருத்துவமனையில் உடற்கூறு சொல்லிக்கொடுத்தவர்கள் எலும்புகளின் பெயரைச் சொன்னார்கள். எலும்பை எது பிடித்து நிறுத்துகிறது என்று எனக்கு விளங்கியது அந்தப் பின்கட்டில்தான்.

ஜப்பான்காரர்கள் வந்த முதல் வருஷமே ‘தைசோ’ வந்துவிட்டது. காலையில் ரேடியோவில் பியானோ வாசிப்பார்கள். அலுவலகம், பள்ளிக்கூடம், தெரு என்று எல்லோரும் வரிசையாக நின்று உடற்பயிற்சி செய்ய வேண்டும். எங்கள் சாலைக்குப் பள்ளித் திடல். ஒரு சிப்பாய் மேடைமேல் நின்று செய்து காட்டுவான். கையை வீசு, குதி, முன்னால் குனி, பின்னால் வளை. பாதிப் பேர் பட்டினி. மீதிப் பேருக்குச் சொறி. எல்லோரும் ஏதோ காற்றில் ஆடுகிற துணிபோல ஆடிவிட்டுப் போவோம்.

அக்கா குதித்தார், கையை வீசினார், முன்னால் பாதி வரை குனிந்தார். பின்னால் வளைய வேண்டிய இடம் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மூன்றாம் நாள் சிப்பாய் கண்ணில் பட்டுவிட்டது. இவர் யார் என்று யாரோ சொல்லியும் இருக்கிறார்கள். மேடையிலிருந்து இறங்கி வந்தான். மொழிபெயர்ப்பாளர் ஓடிவந்தார். அவர் எங்கள் சாலைக்காரர், தமிழர், போருக்கு முன்பு ஜப்பானியர் ஒருவரின் போட்டோக் கடையில் வேலை பார்த்தவர்.

“ஏம்மா, ஊரே வளையுது. உனக்கு என்னம்மா? உன் தொழிலே அதுதானே?”

“தொழில்தான். அதனாலதான் சொல்றேன். ராத்திரி பூரா படுத்த முதுகு தண்ணி குடிச்ச கயிறு மாதிரி ஊதிக் கெடக்கும். வெயில் ஏறட்டும், ரெண்டு மணி நேரம் நடக்கட்டும், அப்புறம் வளைக்கலாம். காலையில முடியாது. அவனுக்கும் நல்லதில்லன்னு சொல்லுங்க.”

மொழிபெயர்ப்பாளர் இதில் எவ்வளவைச் சொன்னாரோ தெரியாது. சிப்பாய் இரண்டு கன்னத்திலும் அறைந்தான். பிறகு தானே பின்னால் வளைந்து காட்டி, “இப்படி” என்றான். அக்கா அவனைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். “கழுத்தை மட்டும் ஒடிக்கிறான், இடுப்பு அசையவே இல்ல” என்றார் எங்களிடம். திடலில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக நான் பற்களைக் கடித்தது இன்னும் நினைவிருக்கிறது. மறுநாளும் அறை. ஐந்தாம் நாள் சிப்பாய் அவரைக் கடைசி வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான்.

அவர் முதுகைப் படம் எடுத்தது தற்செயல். பிலிம் பெட்டி ஒன்று பழையதாகி, கெடுநாள் தாண்டிக் கிடந்தது. அது இன்னும் வேலை செய்கிறதா என்று ஒரே ஒரு படம் எடுத்துப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. யாரை வேண்டுமானாலும் எடுக்கலாம். பதிவேட்டில் ‘சோதனை’ என்று மட்டும் எழுதினால் போதும். அக்காவுக்கு அந்த நாட்களில் இரவு திரும்பிப் படுக்க முடியாத வலி. கூட்டிப் போனேன். பக்கவாட்டில் படுக்கவைத்து எடுத்தேன்.

படம் நன்றாக வந்தது. அதுதான் கஷ்டம். இடுப்பின் கடைசி முள்ளெலும்பு, தான் உட்கார வேண்டிய எலும்பின்மேல் இல்லை. கால்வாசி அளவுக்கு முன்னால் நழுவி நின்றது. பின்னாலிருந்து அதைப் பிடித்து நிறுத்தும் பாலம் ஒடிந்திருந்தது. ஒரே நாளில் ஒடிந்ததல்ல. சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை பின்னால் வளைந்து வளைந்து, கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பதுபோல ஒடிந்தது.

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். இன்னும் நழுவினால் காலுக்குப் போகும் நரம்புகள் நசுங்கும். கால் மரத்துப்போகும், சிறுநீர் அடக்க முடியாமல் போகும், நடை போகும் என்று வரிசையாகச் சொன்னேன். நல்ல செய்தியை எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. கெட்ட செய்தியும் அப்படியே.

அவர் நீண்ட நேரம் பார்த்தார். “இவ்வளவு வருஷமா இதை வச்சுக்கிட்டா நான் தலைக்கு மேல காலைக் கொண்டு வந்தேன்?”

“ஆமாம்.”

“பலே” என்றார் படத்தைப் பார்த்து. பிறகு, “சரி, இனிமே பின்னால வளைய மாட்டேன். நீ சொன்னதுக்காக இல்ல. நான் பாத்துட்டேன், அதுக்காக.”

அந்த ஒரு படம் எடுத்ததும், பெட்டியில் மீதி இருந்த பிலிமைச் சிப்பாய்களுக்கென்று பூட்டிவிட்டார்கள். இன்னொன்று எடுக்க வழியில்லை.

சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்க ஆரம்பித்தபோது முதலில் தோட்டங்களில் எடுத்தார்கள். பிறகு டவுனுக்கு வந்தார்கள். எங்கள் சாலைப் பட்டியலில் என் அண்ணன் பெயர் இருந்தது. சைக்கிள் பழுது பார்ப்பவர். இருபத்தெட்டு வயது, நல்ல தோள், பல்கூட ஒன்றும் விழவில்லை. போனவர்களிடமிருந்து ஒரு கடிதமும் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. உடல் தகுதி இல்லை என்று ராணுவ மருத்துவர் எழுதிக் கொடுத்தால் விடுவார்கள். அந்த மருத்துவர் எங்கள் மருத்துவமனையில்தான் இருந்தார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று வந்தவர்களையெல்லாம் வரிசையில் திருப்பி நிறுத்தினார்.

அதே வாரத்தில் அக்காவுக்கும் ஓர் உத்தரவு வந்தது. அவர்களுடைய விழா ஒன்றுக்காகக் கேளிக்கைத் திடலில் நிகழ்ச்சி. யாரோ பழைய சர்க்கஸ் விளம்பரத் தாளைக் கொண்டு போய்க் கொடுத்திருந்தார்கள். அதில் அவர் பல்லால் ஒரு கட்டையைக் கடித்துத் தொங்க, முதுகு வட்டமாக மடங்கி, பாதங்கள் தலையைத் தாண்டி முன்னால் வந்திருக்கும். அது வேண்டும் என்றார்கள். எக்ஸ்ரே படத்தை அந்த மருத்துவரிடம் காட்டி, இவரால் வளைய இயலாது என்று எழுதி வாங்கித் தருகிறேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அண்ணன் பெயர் வந்த மறுநாள் பிற்பகல் பின்கட்டுக்குப் போனேன். அண்ணன் பெயர் வந்தது அவர் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. படத்தைக் கேட்கக்கூடாது என்று முடிவு செய்து உட்கார்ந்தேன். அவர் பலகைபோல நின்றுகொண்டிருந்தார்.

“எண்ணு.”

எண்ணினேன். நாற்பதுக்கு மேல் வரவில்லை.

“எத்தனை படம் இருக்கு?” என்றார், தரையைப் பார்த்தபடியே.

“ஒண்ணுதான்க்கா.”

“அதுல ஆம்பளையா பொம்பளையான்னு எழுதியிருக்கா?”

“இல்ல. பக்கவாட்டுப் படம். சோதனைன்னு மட்டும்தான் இருக்கு.”

“அப்ப உங்க அண்ணனை வரச் சொல்லு.”

“உங்க விழா?”

அவர் இறங்கி உட்கார்ந்து, முழங்கை மண்ணைத் தட்டினார். “என்கிட்ட ‘முடியாது’ இருக்கு. உங்க அண்ணன்கிட்ட அது கிடையாது. வாயைத் திறந்தா ‘சரிங்க’தான் வரும். அவனுக்குத்தான் காகிதம் வேணும்.”

“ஒருவேளை பின்னால உங்களுக்கே படம் தேவைப்பட்டா…”

“எக்ஸ்ரே, ஒரு முதுகை ரெண்டு பேரு காட்டினா அந்த டாக்டர் ரெண்டு பேரையும் பிடிப்பான். படம் அவனுக்குன்னா எனக்கு முதுகுல ஒண்ணுமே இல்ல. கடைசி வரைக்கும். புரியுதா?”

புரிந்தது. அதனால்தான் நான் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணனுக்கு அவர் கொடுத்த மூன்று நாள் பயிற்சியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. முதல் நாள் “முதுகு வலிக்கிறவன் மாதிரிக் குனி தம்பி” என்றார். அண்ணன் பாதிக் குனிந்து, முகத்தைச் சுளித்து, “அம்மா!” என்று அலறினார்.

“போச்சு. சயாமுக்குப் போய்ட்ட.”

“வலிக்குதுல்ல, அக்கா?”

“குனிஞ்சா எனக்குச் சுகம்டா! நழுவின எலும்பு குனியும்போது திறந்து கொடுக்கும். நிமிர்ந்தாதான் குத்தும். குனியும்போது கத்துறவன் பொய்க்காரன்னு எலும்பு படிச்ச டாக்டருக்கு ஒரு நொடியில தெரியும். எல்லாப் பயலும் அங்கதான் மாட்டுறான். அவனுக்கு நல்லா ஆழமாக் குனிஞ்சு கும்பிடு போடு. சந்தோஷமா போடு. அப்புறம் நிமிரு. நேரா நிமிராதே! கையைத் தொடையில ஊனு. ஒரு படி. நில்லு. இன்னொரு படி. நில்லு. கடைசில இடுப்பை உள்ள இழு.”

நடையையும் அவர்தான் செதுக்கினார். அவருக்கு அந்த நடை கிடையாது. தொடைப் பின்தசை பிறவியிலேயே தளர்ந்தது. ஆனால் சர்க்கஸில் ஊஞ்சலில் தொங்கி ஆளைப் பிடிக்கிற ஒருவருக்கு இதே எலும்பு நழுவி, அவர் நடை மாறியதை வருஷக்கணக்காகப் பார்த்தவர் அக்கா. தொடைப் பின்தசை இறுகிப்போகும். முழங்கால் முழுதாக நீளாது. எடுத்து வைக்கும் எட்டு சிறியதாகும். பிருஷ்டம் உள்ளே ஒடுங்கும். நின்றால் பாரம் காலுக்குக் கால் மாறும். எங்கே கட்டை தெரிந்தாலும் உட்கார்ந்துவிடுவார். நான் எழுதிக்கொண்டேன். அண்ணன் நடந்தார். வீட்டுக்காரம்மா கிணற்றடியிலிருந்து பார்த்து, “மாச்சாம் இத்தெக்!” என்று கத்தினார். வாத்து மாதிரி என்று அர்த்தம். “அது போதும்” என்றார் அக்கா.

ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. மருத்துவர் முதுகைத் தடவிப் பார்த்தால்? எலும்பு நழுவிய இடத்தில் ஒரு படி விரலுக்குத் தட்டுப்படலாம். அண்ணன் முதுகில் அது இல்லை. இதற்கு வழி சொன்னது என் அம்மா.

“அவனுக்கு இடுப்பெல்லாம் சொறிதானே? கந்தகக் களிம்பை வழிய வழியப் பூசி அனுப்பு. எந்த துரை விரலை வைக்கிறான் பாப்போம்.”

அப்படியே நடந்தது. மருத்துவர் கையை நீட்டினார், மஞ்சள் களிம்பையும் கொப்புளத்தையும் பார்த்தார், கையை எடுத்துக்கொண்டார். அண்ணன் ஆழமாக வணங்கி, படிப்படியாக நிமிர்ந்தார். படத்தை ஜன்னலில் வைத்து மருத்துவர் ரொம்ப நேரம் பார்த்தார். சோதனைப் படத்துக்கு என் அண்ணனையே கூட்டிவந்தேன், அவருக்கு ரொம்ப நாளாக வலி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. இது சின்ன வயதில் ஆரம்பித்தது, அப்போது பாரம் தூக்கினானா என்று கேட்டார். நாங்கள் தயார் செய்யாத கேள்வி. மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டு முடிப்பதற்குள் அண்ணன் பழக்கத்தில், “சரிங்க” என்றார்.

வாழ்நாளிலேயே அந்த ஒரு ‘சரிங்க’தான் சரியான இடத்தில் விழுந்தது. மருத்துவர் தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது என்னிடம், “தினமும் உங்கள் சாலை வழியாகத்தான் போகிறேன். அவன் நடை எப்படி ஆகிறது என்று பார்த்துக்கொள்வேன்” என்றார். அக்கறையாகவும் இருக்கலாம். அன்றிலிருந்து அண்ணன் வீட்டைவிட்டு வெளியே வந்தால் வாத்துதான்.

விழாவுக்கு மருத்துவமனை ஊழியர்கள் எல்லோரும் போக வேண்டும் என்று உத்தரவு. நான் ஐந்தாவது வரிசை. மருத்துவர் இரண்டாவது வரிசை.

அக்கா மேடையில் கால் மணி நேரம் செய்ததை அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். கைகளில் நடந்தார். கால்களை இரு பக்கமும் ஒரே கோடாக விரித்து உட்கார்ந்தார். இரு கைகளையும் பின்னால் கோத்து, தோளைச் சுழற்றித் தலைக்கு மேலாக முன்னால் கொண்டு வந்தபோது கூட்டம் கூச்சலிட்டது. ஒரு சின்னப் பீப்பாய்க்குள் முழு உடம்பையும் மடித்து நுழைந்தார். எல்லாம் தோள், இடுப்புமூட்டு, முழங்கால். முன்பக்க மடிப்பு. தன் முதுகைப் பின்னால் ஓர் அங்குலம் கூட அவர் செலவழிக்கவில்லை.

முன்வரிசை அதிகாரி கைதட்டிவிட்டு விளம்பரத் தாளைத் தூக்கிக் காட்டினார். இது எங்கே?

“முடியாது” என்றார் அக்கா.

மொழிபெயர்ப்பாளர் மேடைக்குக் கீழே போய் நின்றார். போட்டோக் கடைக்காரர்தான். நல்ல மனிதர். தாழ்ந்த குரலில் சொன்னார். திடல் அவ்வளவு அமைதியாக இருந்ததால் கேட்டது.

“ஏன்னு கேக்கிறார்மா. உடம்பு சரியில்லேன்னு சொல்லிடவா? டாக்டர்கூட இங்கதான் இருக்கார். ஒரு தடவை பாத்துட்டார்னா விட்டுடுவாங்க.”

மருத்துவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு” என்றார் அக்கா. “பிடிக்கலேன்னு சொல்லுங்க.”

“அம்மா, அப்படிச் சொன்னா…”

“பிடிக்கல. அவ்வளவுதான். வேற வார்த்தை போடாதீங்க.”

அவர் வேறு வார்த்தை போடவில்லை. அதிகாரி எழுந்தார். மேடை விளக்கை அணைத்தார்கள்.

மறுநாள் காலையிலிருந்து அவரைச் சாலை முனையில் வெயிலில் நிறுத்தினார்கள். இரு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஒரு கருங்கல்லைப் பிடித்திருக்க வேண்டும். பொழுது சாயும் வரை, இரண்டு நாள். கை இறங்கினால் முழங்காலுக்குப் பின்னால் பிரம்பு. அந்தத் தண்டனையை யோசித்தவனுக்கு எலும்பு பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமானதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. பாரத்தைத் தலைக்கு மேல் தூக்கினால் இடுப்பு தானாக முன்னால் வளையும். வளைந்தால் அந்த எலும்பு நழுவும்.

முதல் நாள் மதியம் காவலுக்கு வணங்கிவிட்டு அவரைத் தாண்டும்போது என் கால் நின்றுவிட்டது.

“நிக்காதே” என்றார், உதடு அசையாமல். “பக்கவாட்டுல பாத்துக்கிட்டே போ. இடுப்பு எப்படி இருக்கு? எனக்குத் தெரியல.”

பக்கவாட்டில் பார்ப்பது என் தொழில். முழங்காலைச் சிறிது தளர்த்தி, வாலெலும்பை உள்ளே சுருட்டி, வயிற்றைக் கல்போல் இறுக்கி நின்றிருந்தார். பின்கட்டில் குப்புற நின்ற அதே பலகை, இப்போது செங்குத்தாக. “நேரா இருக்கு” என்று மருந்துச் சீட்டைப் படிப்பதுபோலச் சொல்லிவிட்டு நடந்தேன். பிறகு அந்த இரண்டு நாளும் எனக்கு அந்தப் பக்கம் அலுவல் வந்துகொண்டே இருந்தது. தண்ணீர் எடுக்க, ரேஷன் வரிசைக்கு, அம்மாவைத் தேட. போகும்போது ஒரு வார்த்தை, வரும்போது ஒரு வார்த்தை. காவலாளிக்குத் தமிழ் தெரியாது.

அண்ணனிடம் நாங்கள் சொல்லவில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்த யாரோ சொல்லிவிட்டார்கள். நான் ரேஷன் வரிசையில் இருந்தேன். சாலை முனையில் மருத்துவரின் கார் நின்றிருந்தது. அவர் கடை நிழலில் சிகரெட் பிடித்துக்கொண்டு, கல்லைத் தூக்கி நிற்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அண்ணன் வந்தார். ஓடி வந்தார். முழங்கால் முழுதாக நீண்டு, முதுகு நிமிர்ந்து, இருபத்தெட்டு வயதின் நல்ல ஓட்டம். அழுதுகொண்டே.

மருத்துவரின் தலை ஓட்டம் வந்த பக்கம் திரும்பத் தொடங்கியது.

“அறிவு கெட்டவனே!” கல்லுக்குக் கீழேயிருந்து அக்கா கத்திய கத்தல் சாலை முழுக்கக் கேட்டது. மருத்துவர் ஓட்டத்தை விட்டு அவரைப் பார்த்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். “எப்படிடா நடக்கச் சொன்னேன்? இதுக்கா இங்க நிக்கிறேன்? வாத்து! வாத்துடா!”

பிரம்பு விழுந்தது. ஒன்று, இரண்டு. முழங்கால் மடிந்து கல் ஆடியது. விழவில்லை.

அண்ணன் சாலை நடுவில் நின்றுவிட்டார். மருத்துவரின் கண் மறுபடி இந்தப் பக்கம் வருவதற்குள் முழங்கால் மடங்கியது, பின்பக்கம் ஒடுங்கியது, எட்டு சிறுத்தது. வழியில் இருந்த பெட்டியில் ஒருமுறை உட்கார்ந்து எழுந்தார். காவலாளி முன் வந்து ஆழமாக, சுகமாகக் குனிந்தார். கையைத் தொடையில் ஊன்றினார். ஒரு படி. நின்றார். இன்னொரு படி. கன்னமெல்லாம் ஈரம். வலிதான் என்று யாரும் நம்புவார்கள். கடைசியில் இடுப்பை உள்ளே இழுத்து நிமிர்ந்தார். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்க்காமல், வாத்துபோல, அசைந்து அசைந்து சந்துக்குள் போனார்.

அவர் மறையும் வரை மருத்துவர் பார்த்தார். சிகரெட்டை மிதித்து அணைத்துவிட்டுக் காரில் ஏறினார்.

நான் வரிசையை விட்டு வெளியே வந்தேன். பொழுது சாய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பிரம்படிக்குப் பிறகு அவர் கால்கள் நடுங்கின. இடுப்பு முன்னால் போய்விட்டிருந்தது. எதிர்ப்பக்கமாக நடந்து, வெறும் பையைத் திறந்து பார்த்தபடி சொன்னேன்:

“முன்னால வந்துடுச்சுக்கா. ரெண்டு விரல்கடை. உள்ள இழுங்க.”

இழுத்தார்.